கிடாயும் அடகுச்சீட்டும்: கிறிஸ்தவத்தில் பலி, மீட்பு என்னும் இரு சொற்கள்

கொங்கு வட்டாரத்தில் ‘பலி’ என்றதும் நினைவுக்கு வருவது கோயில் வாசலில் நிற்கும் கிடாய். ‘மீட்பு’ என்றதும் அடகுச்சீட்டு. கிறிஸ்தவர்களோ இந்த இரண்டு சொற்களையும் ஒரே மூச்சில், ஒரே ஆளைப் பற்றிச் சொல்கிறார்கள்: இயேசு சிலுவையில் பலியானார், அதனால் நாம் மீட்கப்பட்டோம். ஈரோட்டிலோ கோவையிலோ புனித வெள்ளியன்று நண்பகலில் ஒரு தேவாலயத்தைக் கடந்து போகிறவர் காதில் இந்த வாக்கியம் எப்படியும் விழுந்துவிடும். கேட்பவருக்குச் சில கேள்விகள் எழுவதும் நியாயமே. கடவுளுக்கு எதற்கு இரத்தம்? அடகு வைத்தவர் யார், பிடித்து வைத்திருந்தவர் யார், மீட்கக் கொடுத்த விலை யார் கைக்குப் போயிற்று? ஆயுள் முழுக்க ஆலயத்துக்குள் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எங்களில் பலருக்கும்கூட இவற்றுக்குச் சட்டென்று பதில் வராது. இரண்டு சொற்களும் இரண்டு வேறு இடங்களில் பிறந்தவை என்பதை நாங்கள் மறந்துவிட்டதுதான் அதற்குக் காரணம் என்று எனக்குப் படுகிறது. பலி என்பது ஆலயத்துச் சொல். மீட்பு என்பது நிலம், கடன், அடிமை ஆகியவற்றைச் சார்ந்த சொல். இரண்டையும் முதலில் தனித்தனியாகப் பார்த்துவிட்டால் சேர்த்துப் பார்ப்பது எளிது.

முதலில் பலி. நம் பக்கத்துக் கிடாய் வெட்டைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. கிடாயைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, சாமி முன்னால் நிறுத்தி, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். தெளித்த கையோடு வெட்டிவிட மாட்டார்கள். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதறும்வரை கூட்டம் மொத்தமும் பேச்சை நிறுத்திக் காத்திருக்கும். சிலிர்த்தால் சாமி ஏற்றுக்கொண்டது என்று பொருள். இல்லாவிட்டால் மறுபடியும் தண்ணீர், மறுபடியும் காத்திருப்பு. கொடுப்பது செல்லுமா, செல்லாதா என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த அரை நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது நமக்கு வேண்டியிருக்கும்.

இயேசு ஒரு யூதர், யூதர்களின் பலி முறையைச் சொல்வது வேதாகமத்தின் முற்பகுதியான பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் என்னும் நூல். அதன் முதல் 7 அதிகாரங்களில் ஐந்து வகைப் பலிகள் வருகின்றன: சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி. பழைய தமிழ் வேதாகமத்தின் பெயர்கள் இவை. பெயர்கள் வாயில் நுழையக் கொஞ்சம் கடினம் என்றாலும், உள்ளே இருப்பது நமக்கு அவ்வளவு அந்நியமானதில்லை. சர்வாங்க தகனபலியில் தோல் நீங்கலாக விலங்கு முழுவதும் எரிக்கப்படும், மனிதர் உண்ண அதில் பங்கு கிடையாது. சமாதானபலியில் ஒரு பகுதி பலிபீடத்துக்கும் ஒரு பகுதி ஆசாரியர் எனப்படும் குருவுக்கும் போக, மீதியைக் கொண்டுவந்த குடும்பத்தாரே உண்பார்கள். கிடாய் வெட்டு முடிந்து உறவும் ஊரும் பந்தியில் உட்காருவதைப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போஜனபலி என்பது மாவும் எண்ணெயும் கொண்ட, இரத்தமே இல்லாத காணிக்கை.

விலங்கைக் கொண்டுவருகிறவர் அதன் தலைமேல் தன் கையை வைக்க வேண்டும். இது எனக்காக நிற்கிறது என்பதற்கான செய்கை அது. பிறகு இரத்தம் பலிபீடத்தில் தெளிக்கப்படும். ஏன் இரத்தம் என்பதற்கு அந்த நூலே 17ஆம் அதிகாரத்தில் காரணம் சொல்கிறது: உயிர் இரத்தத்தில் இருக்கிறது. ஆகவே அங்கே இரத்தம் என்றால் உயிர் என்று வாசித்துக்கொள்ள வேண்டும். கடவுளின் தாகம் தீர்க்கும் பானம் என்று வாசித்தால் அந்த நூலையே தலைகீழாகப் பிடித்ததாகும். இதற்கு இன்னொரு சான்றும் அங்கேயே இருக்கிறது. ஆடு கொண்டுவர வசதியில்லாதவன் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாதவன் ஒரு எப்பா அளவில் பத்தில் ஒரு பங்கு மாவைக் கொண்டுவந்தால் போதும், அவனுடைய பாவமும் மன்னிக்கப்படும். மாவில் இரத்தம் ஏது? இயேசு குழந்தையாக இருந்தபோது அவருடைய பெற்றோர் ஆலயத்துக்குக் கொண்டுபோனதும் ஏழைகளுக்குரிய பறவைக் காணிக்கையைத்தான் என்பதை, இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு நற்செய்தி நூல்களில் ஒன்றான லூக்கா நற்செய்தி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது.

ஆண்டுக்கு ஒருமுறை, ஏழாம் மாதத்தில், பாவநிவாரண நாள் என்று ஒன்று வரும். அன்று மட்டும் பிரதான ஆசாரியர் ஆலயத்தின் உள்ளறைக்குள் நுழைவார். அந்த நாளுக்கு இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள் தேவை. சீட்டுப் போட்டு ஒன்றைப் பலியிடுவார்கள். மற்றொன்றின் தலையில் ஆசாரியர் இரண்டு கைகளையும் வைத்து, மக்களின் பாவங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அதை உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவார். சுமந்துகொண்டு போய்விடுகிறது என்பதுதான் அந்த இரண்டாவது கடாவின் வேலை. யோவான் நற்செய்தியில் திருமுழுக்கு யோவான் இயேசுவைக் காட்டி, ‘இதோ, உலகத்தின் பாவத்தைச் சுமந்துதீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி’ என்கிறார். அந்தச் ‘சுமந்துதீர்க்கிற’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கடா நினைவுக்கு வரும்.

ஆனால் இங்கே புதிதாக வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் தவறவிடும் ஒன்று உண்டு. இயேசு கொல்லப்பட்டது அந்தப் பாவநிவாரண நாளை ஒட்டி அன்று. பஸ்கா பண்டிகையை ஒட்டி. பஸ்கா வேறு கதை. எகிப்தில் அடிமைகளாகச் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த மக்கள் விடுதலையாகிற இரவில், வீட்டுக்கு ஓர் ஆட்டுக்குட்டியை அடித்து, அதன் இரத்தத்தை ஈசோப்பு என்ற செடியின் கொழுந்தால் வாசல் நிலைக்கால்களிலும் மேற்சட்டத்திலும் தெளித்து, இடுப்பில் கச்சை, காலில் செருப்பு, கையில் தடியோடு, புறப்படத் தயாரான கோலத்தில் அவசரமாக அதைச் சாப்பிட்டார்கள். அந்த ஆடு பாவத்துக்காக அடிக்கப்பட்டதாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. அது விடுதலைக்கு முந்தின இரவின் சாப்பாடு. இயேசு தம் சீடரோடு உண்ட கடைசி உணவைப் பஸ்கா விருந்தாகவே முதல் மூன்று நற்செய்திகள் சொல்கின்றன. யோவானோ பஸ்கா ஆடுகள் அடிக்கப்படும் நாளிலேயே அவர் இறந்தார் என்று கணக்கிடுகிறார். நாள் கணக்கில் வேறுபட்டாலும் பண்டிகையில் நால்வரும் ஒன்றுபடுகிறார்கள். ஆகவே கிறிஸ்தவப் பலியின் அடித்தளத்தில் மன்னிப்பும் இருக்கிறது, அடிமைத்தளை அறுபடுவதும் இருக்கிறது. பிரசங்கங்களில் முதலாவதே அதிகம் பேசப்படுகிறது என்பது என் மனக்குறை.

பலியைக் குறித்த ஐயம் யூத மரபுக்குள்ளேயே இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓசியா என்ற தீர்க்கதரிசி, ‘பலியை அல்ல, இரக்கத்தையே’ கடவுள் விரும்புகிறார் என்றார். இயேசு இந்த வரியை மத்தேயு நற்செய்தியில் இரண்டு இடங்களில் எடுத்தாள்கிறார். கி.பி. 70இல் ரோமப் படை எருசலேம் ஆலயத்தை இடித்தபின் அங்கே விலங்குப் பலியும் நின்றுபோயிற்று.

இனி மீட்பு. இந்தச் சொல்லுக்குள் நுழைய கொங்கு நாட்டாருக்கு ஒரு தனி வாசல் உண்டு. பழைய தமிழ் வேதாகமத்தில் லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தைத் திறந்தால் ‘காணியாட்சி’ என்ற சொல் கண்ணில் படும். காணி, காணியாளர், காணிக்கோயில் என்று பேசிப் பழகிய நமக்கு அது வீட்டுச் சொல். ஒருவன் வறுமைப்பட்டுத் தன் காணியாட்சியில் ஒரு பகுதியை விற்றுவிட்டால், அவனுடைய நெருங்கின உறவினன் வந்து அதை மீட்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். வறுமை முற்றித் தன்னையே விற்றுக்கொண்டாலும், அண்ணன் தம்பியோ, சித்தப்பன் பெரியப்பனோ, அவர்கள் மக்களோ விலை கொடுத்து அவனை மீட்கலாம். இப்படி மீட்கக் கடமைப்பட்ட உறவினனுக்கு எபிரெய மொழியில் ‘கோயேல்’ என்று பெயர். நம் பேச்சில் சொன்னால், கைகொடுக்க வேண்டிய பங்காளி. மீட்பர் என்று கிறிஸ்தவர்கள் இயேசுவை அழைக்கும் சொல்லின் வேர்களில் முக்கியமான ஒன்று இதுதான்.

இந்தச் சட்டம் நடைமுறையில் எப்படி இருந்தது என்பதைக் காட்டும் சின்னக் கதைதான் ரூத்தின் சரித்திரம். பஞ்சம் பிழைக்க அயல்நாடு போன நகோமி, கணவனையும் இரண்டு மகன்களையும் அங்கே இழந்து, மோவாபியப் பெண்ணான மருமகள் ரூத்தோடு பெத்லகேமுக்குத் திரும்பி வருகிறாள். குடும்பத்து நிலத்தை மீட்க வேண்டும். மீட்கிறவன் விதவையான ரூத்தையும் மணந்து, இறந்தவனின் பெயர் அற்றுப்போகாமல் காக்க வேண்டும். ஊர்வாசலில் பத்துப் பெரியவர்களை உட்காரவைத்துப் பேச்சு நடக்கிறது. நெருங்கின பங்காளி ஒருவன் நிலம் என்றதும் ‘மீட்கிறேன்’ என்கிறான். ரூத்தும் சேர்த்து என்று கேட்டதும், தன் சொந்தச் சொத்து கெட்டுப்போகும் என்று பின்வாங்குகிறான். அன்றைய வழக்கப்படி தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்து உரிமையை விட்டுக்கொடுக்கிறான். அடுத்த நிலை உறவினரான போவாஸ் அந்தச் சுமையை ஏற்றுக்கொள்கிறார். பெயர்கூடச் சொல்லப்படாமல் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன அந்த முதல் பங்காளியிடமிருந்துதான் மீட்பு என்றால் என்ன என்பதை நான் கற்றுக்கொண்டேன். அவன் கெட்டவன் அல்லன், கணக்குத் தெரிந்தவன். மீட்பதென்றால் மீட்கிறவன் கையில் குறையும் என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

இதிலிருந்து கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொள்ளும் செய்திகள் இரண்டு. மீட்கிறவர் உறவினராக இருக்க வேண்டும். கடவுளின் மகன் மனிதராகப் பிறந்தார் என்று அவர்கள் வற்புறுத்துவதன் காரணங்களில் இதுவும் ஒன்று, புதிய ஏற்பாட்டில் எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின், அதாவது கடிதத்தின், 2ஆம் அதிகாரம் ஏறக்குறைய இந்த வாதத்தையே நடத்துகிறது. இரண்டாவது, மீட்கப்படுவது ஏற்கெனவே சொந்தமானது. அடகுக்கடைக்குப் போகிறவர் பிறர் நகையை வாங்கப் போவதில்லை, தன் வீட்டு நகையைத் திருப்பப் போகிறார். மனிதர் கடவுளுக்குச் சொந்தம், இடையில் கைமாறிப் போனார்கள் என்பது இதன் உட்பொருள்.

எந்தக் கடனில் கைமாறினார்கள்? அதற்குத்தான் ‘பாவம்’ என்ற சொல் வருகிறது. தமிழில் அது சற்றுக் குழப்பமான சொல், ‘ஐயோ பாவம்’ என்று இரக்கத்துக்கும் அதையே சொல்கிறோம். கிறிஸ்தவத்தில் அது தனித்தனியான தப்புகளை மட்டும் குறிப்பதில்லை. மனிதரைப் பிடித்துவைத்திருக்கும் ஒரு நிலையையும் குறிக்கிறது. விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று தொடக்ககாலத் திருச்சபையின் அப்போஸ்தலரான பவுல் ரோமர் நிருபத்தில் புலம்புவது அந்த நிலையைத்தான். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம் பழைய மொழிபெயர்ப்பின் மத்தேயுவில் ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்றே இருக்கிறது.

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்து விசைத்தறிகளை அறிந்தவர்களுக்கு இது இன்னும் உறைக்கும். முன்பணம் வாங்கிக்கொண்டு தறிக்குப் போகிறவர், அது தீராமல் வேறு தறிக்கு மாற முடியாது. புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டி அழைத்துக்கொண்டால் ஆள் மாறலாம், பாக்கி மாறாது. கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்த பின்னும் இந்த முன்பணப் பிடி முழுக்கத் தளரவில்லை. பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதும்போது, ‘கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்களே’ என்கிறார். விலைக்கு வாங்கப்பட்டீர்கள் என்று அர்த்தம். அவர் அத்தோடு நிறுத்தியிருந்தால், ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்கு மாறிய கதையாகத்தான் இது முடிந்திருக்கும். ஆனால் கலாத்தியருக்கு எழுதும்போது, இனி நீ அடிமை அல்ல, புத்திரன், புத்திரன் என்றால் சுதந்தரவாளி, அதாவது சொத்துக்கு வாரிசு என்கிறார். முன்பணத்தைக் கட்டியவர் ஆளை வேலைக்கு வைக்காமல் வாரிசாக எழுதிவைத்தார் என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

சரி, விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது? மாற்கு நற்செய்தியில் இயேசு, தாம் ஊழியம் கொள்ளும்படி வராமல் ஊழியம் செய்யவும், ‘அநேகரை மீட்கும்பொருளாக’த் தம் உயிரைக் கொடுக்கவும் வந்ததாகச் சொல்கிறார். பெற்றுக்கொண்டவர் யார் என்று அந்த வசனத்தில் இல்லை. தொடக்க நூற்றாண்டுகளில் சிலர் சாத்தானுக்குக் கொடுக்கப்பட்டது என்றார்கள். 4ஆம் நூற்றாண்டில் நாசியான்சுஸ் நகரத்து கிரகோரி அதை வெட்கக்கேடு என்று தள்ளிவிட்டார்: கொள்ளைக்காரனுக்கு விலையா, அதுவும் கடவுளையே விலையாகவா? தந்தைக்குக் கொடுக்கப்பட்டதா என்றால், நம்மைச் சிறைப்பிடித்தவர் தந்தை அல்லவே என்று அதையும் அவர் கேட்டார். 1098ஆம் ஆண்டளவில் அன்செல்ம் என்ற துறவி, பாவத்தால் கடவுளின் மாட்சிக்கு நேர்ந்த குறைக்கு மனிதர் ஈடு செய்ய வேண்டும், ஆனால் கடவுளால்தான் அது முடியும், ஆகவே கடவுளும் மனிதருமான ஒருவர் வேண்டும் என்று வாதிட்டார். அவருக்குப் பிறகு வந்த அபெலார்டு, சிலுவையில் வெளிப்பட்ட அன்பே மனித இதயத்தைத் திருப்புகிறது என்பதை முன்னிறுத்தினார். 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர்கள், குறிப்பாகக் கால்வின், நமக்கு வர வேண்டிய தண்டனையை அவர் ஏற்றார் என்று நீதிமன்ற மொழியில் பேசினார்கள். சாவையும் தீமையையும் வென்றதே மையம் என்று 20ஆம் நூற்றாண்டில் சுவீடனின் குஸ்தாவ் ஆலேன் பழைய மரபை நினைவூட்டினார். எல்லாத் திருச்சபைகளும் சேர்ந்து இவற்றுள் ஒன்றை மட்டும் கட்டாய விளக்கமாக ஆக்கியதில்லை. என் கருத்து கிரகோரியின் பக்கம்தான் சாய்கிறது: ஓர் உவமை எதுவரை வருமோ அதுவரை கூட நடந்துவிட்டு, நின்ற இடத்தில் அதை விட்டுவிட வேண்டும். தாய் பிள்ளைக்காகத் தன் உடம்பைத் தேய்த்தாள் என்கிறோம். தேய்ந்ததை யார் வாங்கிக்கொண்டார் என்று யாரும் கேட்பதில்லை.

இனி அந்தக் கிடாய் சிலிர்க்கும் அரை நிமிடத்துக்குத் திரும்புவோம். கிறிஸ்தவத்தைப் பற்றி வெளியிலும் சில வேளை உள்ளேயும் சொல்லப்படும் தவறான சித்திரம் ஒன்று உண்டு: கோபம் கொண்ட தந்தை, குற்றமற்ற மகனைப் பிடித்து அடித்து ஆத்திரம் தீர்த்துக்கொண்டார் என்பது. விலங்கால் சம்மதம் சொல்ல முடியாது. அதனால்தான் சாமியின் சம்மதத்தை அதன் உடம்பில் தேடுகிறோம். இயேசுவைப் பொறுத்தவரை நற்செய்திகள் பலியாகிறவரின் சம்மதத்தையே முன்னால் நிறுத்துகின்றன. ‘ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்’ என்று அவர் தம் உயிரைப் பற்றிச் சொல்கிறார். அந்தச் சம்மதம் எளிதாகவும் வரவில்லை. கைதாவதற்கு முந்தைய மணிநேரங்களில் கெத்செமனேத் தோட்டத்தில், இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டு, வியர்த்து, பிறகு உம்முடைய சித்தம் ஆகட்டும் என்று ஒப்புக்கொடுக்கிறார். மறுபக்கம், தேவன் உலகத்தைக் கிறிஸ்துவுக்குள் தமக்கு ஒப்புரவாக்கினார் என்று பவுல் எழுதுகிறார், அதாவது சமாதானத்துக்கு முதலில் படியிறங்கி வந்தது கடவுளின் தரப்பு. நேர்த்திக்கடனில் மனிதர் வேண்டிக்கொண்டு கடவுளுக்குக் கொடுக்கிறார்கள். சிலுவையில் கொடுக்கிற கை மறுபக்கத்திலிருந்து வருகிறது என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை.

இந்தப் பலி மறுபடியும் செலுத்தப்படாது என்பதை எபிரெயர் நிருபம் பக்கம் பக்கமாக வாதாடுகிறது. எங்கள் வீட்டில் என் அம்மாவின் சங்கிலி கிணற்றுச் செலவுக்காக அடகுக்குப் போயிற்று. ஆண்டு முடிய வங்கிக்குப் போய், வட்டியை மட்டும் கட்டி, அதே நகைக்குப் புதுச் சீட்டு வாங்கி வருவார் அப்பா; அதற்கு எங்கள் ஊரில் ‘மாத்தி வைக்கிறது’ என்று பெயர். ஐந்து ஆண்டுகள் மாற்றி வைத்தோம். ஒவ்வொரு ஆண்டும் அந்த ஒரு நாள் கடன் இருப்பதை நினைவுபடுத்தியதே தவிர, கடனைக் குறைக்கவில்லை. நிருபத்தின் 10ஆம் அதிகாரம் ஆண்டுதோறும் நடந்த பலிகளைப் பற்றிச் சொல்வதும் ஏறக்குறைய இதையேதான்: அவற்றால் பாவங்கள் உண்டு என்று வருஷந்தோறும் நினைவுகூருதல் உண்டாயிற்று. ஆறாவது ஆண்டு மஞ்சள் விற்ற பணத்தில் அசலையும் கட்டி, சங்கிலியைத் திருப்பிக் கொண்டுவந்த அன்று, அப்பா பழைய சீட்டுகளையெல்லாம் ஒரு கட்டாக அடுப்பில் போட்டார். ‘முடிந்தது’ என்று சிலுவையில் இயேசு சொன்னதாக யோவான் பதிவு செய்த சொல்லை விளக்க இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

ஒரே முறை நடந்தது என்றால் ஞாயிறுதோறும் ஆலயத்தில் நடப்பது என்ன? இங்கே நம் வட்டாரத்துக் கிறிஸ்தவர்களின் சொற்களே பிரிகின்றன. கத்தோலிக்கர் ‘திருப்பலி’ என்கிறார்கள். 1830இல் கோவைக்கு வந்த லண்டன் மிஷன் வழியில் உருவாகி இன்று தென்னிந்தியத் திருச்சபையாக இருப்பவர்கள் ‘திருவிருந்து’ என்றோ ‘நற்கருணை’ என்றோ சொல்கிறார்கள். கத்தோலிக்கப் போதனையும் இயேசு மறுபடி மறுபடி கொல்லப்படுகிறார் என்று சொல்வதில்லை. அந்த ஒரே பலி இரத்தமின்றிப் பீடத்தில் மறுபடியும் முன்னிலையாகிறது என்கிறது. சீர்திருத்த மரபு, பலி முடிந்துவிட்டது, நாம் அதன் பலனில் பந்தியமர்கிறோம் என்கிறது. புனித வெள்ளியன்று கத்தோலிக்க ஆலயங்களில் திருப்பலி நடப்பதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். விசுவாசிகளிடம் எஞ்சியிருக்கும் பலி எது என்பதற்குப் பவுல் ‘ஜீவபலி’ என்று பெயர் வைத்தார்: உயிரோடு, அன்றாட வாழ்க்கையாகத் தன்னையே ஒப்புக்கொடுப்பது.

மீட்பர் என்ற சொல்லை எங்கள் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களில் அதிகம் பார்க்கலாம். ‘என் மீட்பர் உயிரோடிருக்கிறார்’ என்று சிலுவைக்குக் கீழே கல்லில் வெட்டியிருப்பார்கள். அது பழைய ஏற்பாட்டில் யோபு என்பவர் சொன்னது, எபிரெயத்தில் அங்கேயும் அதே கோயேல்தான். ஆடு மாடு, பிள்ளைகள், உடல்நலம் எல்லாம் போய், இழந்ததில் ஒன்றுகூடத் திரும்பி வராத நேரத்தில் அவர் அதைச் சொல்கிறார். அதற்குப் பதினோரு வசனங்களுக்கு முன்னால்தான், ‘என் பந்துஜனங்கள் விலகிப்போனார்கள்’ என்று சொல்லியிருந்தார். மீட்க வேண்டிய பங்காளிகள் எல்லாரும் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டிருந்தார்கள்.